கரடி கையில் வெள்ளிக் காப்பு

எங்கள் கடையில் ஒரே ஒரு சட்டம்தான். வரலாறு சொல்லாத பொருளுக்கு வைத்தியம் கிடையாது.

கடை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரே ஓர் அறை. இடது பக்கம் அம்மாவின் மேசை. கிழிந்த பொம்மைகளை அம்மா தைத்துக் கொடுப்பார். வலது பக்கம் மாமாவின் மேசை. மாமா அம்மாவின் தம்பி. அறுந்த கைச்சங்கிலி, நெளிந்த காப்பு, கொக்கி போன வளையல் எல்லாம் அவர் பொறுப்பு. நடுவில், வருகிறவர்கள் உட்கார ஒரு மர நாற்காலி.

சட்டம் வந்தது ஒரு முயலால். ஒரு குட்டிப் பையனின் முயல் பொம்மைக்குக் காது கிழிந்திருந்தது. அம்மா அதைப் புதிது போலத் தைத்துக் கொடுத்தார். பையன் அழுத அழுகையில் தெருவே கூடிவிட்டது. அந்தக் கிழிசலுக்குள் விரலை விட்டுக்கொண்டுதான் அவன் தினமும் தூங்குவானாம். அன்றிலிருந்து, எது வந்தாலும் முதலில் கேள்வி, பிறகுதான் ஊசி.

கேள்வி கேட்டுச் சீட்டில் எழுதுவது என் வேலை. எனக்குப் பத்து வயது. என்னை எல்லோரும் ‘ஊசி’ என்பார்கள். உடம்பு ஒல்லி என்பதால் இல்லை. கேட்டுக் கேட்டுக் குத்துவேனாம்.

அந்த வாரம் பள்ளிக்கு விடுமுறை. விடாத மழை. பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. திங்கட்கிழமை காலை பல் டாக்டர் குடையை உதறிக்கொண்டு வந்தார். பையிலிருந்து ஒரு பழைய கரடி பொம்மையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“யாருடையது டாக்டர்?” என்று கேட்டேன்.

“தெரியாது. கிளினிக்ல நாற்காலிக்கு அடியில உட்காந்திருந்துது. மூணு மாசமா யாரும் கேட்டு வரல. சரி, பல் புடுங்க வர்ற பிள்ளைங்க பிடிச்சுக்கட்டும்னு வெச்சிருக்கேன். என் கிளினிக்ல அழாம உட்காந்திருக்கிற ஒரே ஆள் இவன்தான்.”

அம்மா கரடியின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். கரகரவென்று சத்தம் வந்தது.

“உள்ள மரச்சீவல்” என்றார். “பொம்மைக்குள்ள இலவம்பஞ்சு வர்றதுக்கும் முந்தின காலத்து ஆளு. இவனுக்கு என்னைவிட வயசு ஜாஸ்தி.”

கரடிக்கு ஒரு காது பாதி தொங்கியது. கண்கள் கண்ணாடியாலானவை. நான் எந்தப் பக்கம் போனாலும் அந்தக் கண்கள் என்னைப் பார்க்கவில்லை. வாசலையே பார்த்தன. டாக்டர் வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். அம்மா கரடியைச் சுவர் அலமாரியில் உட்கார வைத்தார்.

அன்று மாலை தெருமுனைக் கண்ணாடிக்கடை ஆன்ட்டி வந்தார். மூக்குக்கண்ணாடி விற்கிற கடை அவருடையது. எப்போதும் அவசரத்தில் இருப்பவர். அன்று நாற்காலியில்கூட உட்காரவில்லை. கைக்குட்டையில் சுற்றிய ஒரு வெள்ளிக் காப்பை மாமாவின் மேசைமேல் வைத்தார். அது மிகச் சின்னதாக இருந்தது. ஒரு பக்கம் கீல், மறுபக்கம் கொக்கி.

“உருக்கிடுங்க” என்றார்.

“உருக்கி என்ன செய்யணும்?” என்று மாமா கேட்டார்.

“எதுவா இருந்தாலும் சரி. இந்த உருவத்துல இருக்கக் கூடாது.”

நான் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். “ஆன்ட்டி, இது எப்போ வாங்கினது? யாருடையது?”

மாமா சிரித்தார். “உருக்கப் போறதுக்கு என்ன வரலாறு, ஊசி? அவங்களை விடு.”

சீட்டில் ‘உருக்க’ என்று ஒரே சொல்லை எழுதி மாமாவே காப்போடு கட்டிவிட்டார். சீட்டில் ஒரு வரி வரலாறுகூட இல்லாமல் எங்கள் கடையில் ஒரு பொருள் நுழைந்தது அதுதான் முதல் தடவை. மாமா வெள்ளிக்கிழமை மட்டும்தான் நெருப்பு மூட்டுவார். அதுவரை காப்பு அவருடைய மேசை இழுப்பறையில் இருக்கும்.

செவ்வாய்க்கிழமை மதியம். மூவரும் மாடியில் சாப்பிட்டுவிட்டு இறங்கி வந்தோம். அலமாரியில் கரடியைக் காணோம்.

தேடினோம். வாசல் கதவு தாழிட்டபடி இருந்தது. கடைசியில் அம்மாதான் பார்த்தார். வாடிக்கையாளர் நாற்காலிக்கு அடியில், முதுகு நிமிர்ந்து, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது கரடி. அதன் இடது கையில் வெள்ளிக் காப்பு.

“ஊசி” என்றார் மாமா.

“நான் இல்ல மாமா.”

“போன வருஷம் பக்கத்து வீட்டுப் பூனைக்கு வாடிக்கையாளர் கைச்சங்கிலியைப் போட்டுவிட்டது யாரு?”

நான்தான். பூனை இரண்டு நாள் அதோடு ஊர் சுற்றியது. மாமா ஓட்டின்மேல் ஏறிப் பிடித்தார். ஒரு தடவை தப்புச் செய்துவிட்டால் எது காணாமல் போனாலும் நம் பெயர்தான் முதலில் வரும். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் பூனையை வைத்துக்கொண்டு என்னவென்று வாதாடுவது?

புதன்கிழமை மாமா இழுப்பறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சாப்பிட்டுவிட்டு வந்தோம். பூட்டு பூட்டியபடியே இருந்தது. கரடி நாற்காலிக்கு அடியில் இருந்தது. காப்பு கரடியின் கையில் இருந்தது.

மாமா சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். சாவி இருந்தது. ஒரு நிமிடம் அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். உடனே அதைக் கோபமாக மாற்றிக்கொண்டார்.

“இன்னொரு தடவை இது நடந்தா நீ கடைக்குள்ள கால் வைக்கக் கூடாது. சீட்டு எழுதுற வேலையும் கிடையாது. சொல்லிட்டேன்.”

“தம்பி, அவ நம்மகூடத்தான் சாப்பிட்டுட்டு இருந்தா” என்றார் அம்மா.

“நடுவுல தண்ணி எடுக்க எழுந்து போனாளே, அக்கா.”

அம்மா கரடியின் பக்கம் திரும்பிக்கொண்டார். அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. காப்பைக் கழற்றியபோது அம்மாவின் விரல் கரடியின் கையில் நின்றுவிட்டது.

“இங்க பாரு. இந்த இடத்துல மட்டும் சுத்தி முடியே இல்ல” என்றார்.

“எலி கடிச்சிருக்குமா?”

“எலி இவ்வளவு ஒழுங்கா கடிக்காது. இங்க ஏதோ மாட்டி இருந்திருக்கு. வருஷக்கணக்குல.”

நான் காப்பை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோனேன். அதன் கீலுக்குள் இரண்டு மூன்று பழுப்பு இழைகள் சிக்கியிருந்தன. கரடியின் முடியும் அதே பழுப்பு.

வியாழக்கிழமை வயிறு வலிக்கிறது என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போகவில்லை. படிக்கட்டின் கடைசிப் படியில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் அலமாரியும் தெரியும், மாமாவின் இழுப்பறையும் தெரியும். யார் செய்கிறார்கள் என்று கையும் களவுமாகப் பிடிக்கத்தான். ஆனால், பிடித்தால் யாரைப் பிடிப்பேன் என்று நினைத்தபோது நிஜமாகவே வயிறு வலித்தது.

மழை நின்றது. கூரை விளிம்பிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும். பிறகு அதுவும் நின்றது. மாடியில் அம்மாவும் மாமாவும் பேசும் குரல்கூடக் கேட்கவில்லை. அறையில் இருந்த சத்தத்தை எல்லாம் யாரோ துடைத்து எடுத்துவிட்டது போல இருந்தது.

இழுப்பறைக்குள் ஏதோ உருண்டது.

மெதுவாக, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை. பிறகு ‘டிக்’ என்று ஒரு சத்தம். கொக்கி திறக்கும் சத்தம். அது எனக்கு நன்றாகவே தெரியும், தினமும் கேட்பதுதான். நான் இழுப்பறையைப் பார்த்தேன். அது திறக்கவில்லை. பூட்டு அசையவும் இல்லை.

திரும்பி அலமாரியைப் பார்த்தேன். கரடி அங்கே இல்லை.

கீழே பார்க்கப் பயமாக இருந்தது. ஆனாலும் பார்த்தேன். நாற்காலிக்கு அடியில், இருட்டில், கரடி உட்கார்ந்திருந்தது. காப்பு கையில் மங்கலாக மின்னியது. அது என் பக்கம் திரும்பவில்லை. நான் இருப்பதையே அது கண்டுகொள்ளவில்லை. வாசலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த உட்காரும் விதத்தை நான் எங்கோ பார்த்திருக்கிறேன். முதல் வகுப்பில், பள்ளி விட்ட பிறகு, எல்லோரையும் வீட்டார் கூட்டிக்கொண்டு போய்விட, யாரும் வராத ஒரு பிள்ளை மட்டும் வாசற்படியில் இப்படித்தான் உட்கார்ந்திருக்கும். ஒருநாள் அந்தப் பிள்ளை நானாகவும் இருந்திருக்கிறேன்.

என் பயம் பாதியாகக் குறைந்தது. நான் தரையில் தவழ்ந்து போய், எட்டாத தூரத்திலேயே நின்றுகொண்டேன். பாதிப் பயம் பாக்கி இருந்ததே.

“யாருக்காக உட்காந்திருக்க?” என்று மெல்லக் கேட்டேன்.

காப்பு மட்டும் கையில் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

மாடிப்படியில் மாமாவின் காலடி கேட்டது. நான் காப்பைக் கழற்றி அவர் மேசைமேல் வைத்தேன். நல்லதுதான் செய்வதாக நினைத்தேன். ஆனால் மேசையருகே நான், மேசைமேல் காப்பு, பூட்டிய இழுப்பறை. இதைப் பார்த்தால் யாராக இருந்தாலும் என்ன நினைப்பார்கள்?

“வயித்து வலியா?” என்றார் மாமா. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. “போதும் ஊசி. நாளையிலேர்ந்து நீ கடைக்குள்ள வராத. நாளைக்குக் காலையில முதல் வேலையா இதை உருக்கிடுறேன். அப்புறம் எந்தத் தொல்லையும் இருக்காது.”

“மாமா, அது கரடியோட காப்பு.”

“கரடி வந்து சொல்லிச்சா?”

கிட்டத்தட்ட சொன்னது என்று எப்படிச் சொல்வது? அன்று இரவு படுக்கையில் படுத்தபோது கரடியைத்தான் நினைத்தேன். அது இத்தனை நாள் காத்திருந்த எதுவோ நாளைக் காலை நெருப்பில் உருகி ஒரு வெள்ளித் துளியாகப் போய்விடும். அழுகையாக வந்தது. அழுதுகொண்டிருந்தபோதுதான் அந்தச் சீட்டு ஞாபகம் வந்தது. ‘உருக்க’ என்ற ஒரே சொல். வரலாறு இல்லை. மாமா சட்டத்தை மீறியிருக்கிறார்.

கடைக்குள்தானே போகக் கூடாது? தெருவில் போகலாமே.

வெள்ளிக்கிழமை காலை, ஒரு வெற்றுச் சீட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு ஓடினேன். கண்ணாடிக்கடை அப்போதுதான் திறந்திருந்தது. சுவர் முழுக்க மூக்குக்கண்ணாடிகள். முகமே இல்லாத நூறு பேர் என்னைப் பார்ப்பது போல இருந்தது. ஆன்ட்டி ஒரு சின்னத் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார்.

“ஆன்ட்டி, காப்போட வரலாறு வேணும்.”

“உருக்கத்தானே சொன்னேன்? கதை எதுக்கு?”

“எங்க கடை சட்டம்.”

“நேரமில்லம்மா. போயிட்டு வா.”

நான் போகவில்லை. ஊசி என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? “ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க ஆன்ட்டி. அது உங்க வீட்டுலயும் நகருமா?”

திருகாணி கீழே விழுந்து உருண்டது. அவர் அதை எடுக்கவில்லை.

“உனக்கு யார் சொன்னா?”

“யாரும் சொல்லல. எங்க கடையில நகருது. நான்தான் செய்றேன்னு மாமா நினைக்கிறாங்க.”

ஆன்ட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அலமாரியில வெச்சுப் பூட்டுவேன். காலையில பார்த்தா ஏதாவது ஒரு நாற்காலிக்கு அடியில கிடக்கும். மூணு மாசமா. எனக்குப் பயமாயிடுச்சு. அதான் உருக்கச் சொன்னேன்.”

“அது யாருடையது?”

“எங்க அம்மாவோடது. மூணு மாசத்துக்கு முன்னாடி போயிட்டாங்க.”

மூன்று மாதம். பல் டாக்டரும் அதைத்தான் சொன்னார். என் பென்சில் நின்றுவிட்டது.

“எங்க போனாலும் கைப்பையில இந்தக் காப்பு இருக்கும்” என்றார் ஆன்ட்டி. “அம்மாவுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த இடத்துக்குப் போனாலும் குனிஞ்சு நாற்காலிக்கு அடியில பார்ப்பாங்க. ஆஸ்பத்திரி, பஸ், கல்யாண வீடு, எதுவா இருந்தாலும். எல்லாரும் சிரிப்பாங்க. ஒருநாள் நான், ‘எழுந்திரும்மா, மானம் போகுது’ன்னு கத்திட்டேன். அதுக்கப்புறம் அம்மா என்கூட வெளிய வர்றதே இல்ல. தனியா போனாங்க.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

“எதைத் தேடுறாங்கன்னு நீங்க கேட்கலையா?”

“ஒரு தடவை அவங்களே சொன்னாங்க. சின்ன வயசுல, ரயிலுக்குக் காத்திருந்த இடத்துல, ஒரு சிநேகிதனை விட்டுட்டு வந்துட்டேன்னு. ரயில் கிளம்பிடுச்சாம். துடைக்கிறதுக்காகக் கழட்டின காப்பு மட்டும் கையோட வந்துடுச்சாம். நான் யாரோ மனுஷன்னு நெனச்சேன். நாற்காலிக்கு அடியில எந்த மனுஷன்மா உட்காருவான்னு கேலி பண்ணிட்டேன்.”

“மனுஷன் இல்ல ஆன்ட்டி” என்றேன். “கரடி.”

அதற்குமேல் நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு அவர் எனக்கு முன்னால் ஓடினார்.

நாங்கள் போனபோது மாமாவின் மேசையில் நெருப்பு நீலமாக எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் வெள்ளி உருக்குகிற சின்ன மண்கிண்ணம். ஆனால் கிண்ணம் காலியாக இருந்தது. இழுப்பறை திறந்திருந்தது, அதுவும் காலி. மாமா பேயறைந்தவர் போல நின்றார்.

“ஊசி, காப்பு எங்க?”

“அவ இப்பத்தானேடா உள்ள வர்றா” என்றார் அம்மா. “காலையிலேர்ந்து கடைப்பக்கமே வரல.”

மாமா என்னைப் பார்த்தார். பிறகு அலமாரியைப் பார்த்தார். கரடியையும் காணோம். அவர் நெருப்பை அணைத்தார்.

எல்லோரும் அந்த மர நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். யாருக்கும் கிட்டே போகத் துணிவில்லை. நானே போயிருப்பேன். ஆனால் அது என் முறை இல்லை என்று தோன்றியது. ஆன்ட்டியின் கையை மட்டும் லேசாகத் தொட்டேன்.

அவர் முட்டியை ஊன்றினார். ஈரத் தரையில் சேலை படிவதைப் பற்றிக் கவலைப்படவில்லை. எல்லோர் முன்னாலும், தலை தரையைத் தொடுகிற அளவுக்குக் குனிந்து, நாற்காலிக்கு அடியில் பார்த்தார்.

“இருக்கு” என்றார்.

கரடி வழக்கம்போல வாசலைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தது. காப்பு கையில் இருந்தது. கொக்கி மட்டும் மாட்டாமல் திறந்தபடி தொங்கியது. முந்திய நாள்களில் அப்படி இருந்ததில்லை.

“அம்மாவால வர முடியல” என்று ஆன்ட்டி அதனிடம் சொன்னார். “ரொம்பத் தேடினாங்க. நான்தான் தேட விடல. அவங்களுக்குப் பதிலா நான் வந்திருக்கேன்.”

அவரே கொக்கியை மாட்டினார். ‘டிக்.’ முடியில்லாத அந்த வளையத்தில் காப்பு அச்சாகப் பொருந்தியது. கரடியை வெளியே எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். கரடியின் கழுத்திலிருந்து மரச்சீவல் கரகரத்தது. பிறகு அதன் தலை மெல்லச் சாய்ந்து ஆன்ட்டியின் தோளில் விழுந்தது. பழைய பொம்மைதானே, கழுத்துத் தையல் தளர்ந்திருக்கும் என்று அம்மா பிறகு சொன்னார். ஆனால் அதைத் தைக்க அவர் ஊசியை எடுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பல் டாக்டர் உள்ளே வந்தார். தரையில் ஆன்ட்டி, பக்கத்தில் நான், நாற்காலிக்கு இந்தப் பக்கம், அதற்குள் தாங்களும் மண்டியிட்டுவிட்ட மாமாவும் அம்மாவும்.

“யாருக்காவது பல் விழுந்துடுச்சா?” என்று கேட்டார்.

நான் சீட்டைப் படித்துக் காட்டினேன். அவர் முழுவதும் கேட்டார். கரடியையும் ஆன்ட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்கிட்ட இருந்தப்ப தினமும் வாசலையே பார்த்துட்டிருப்பான்” என்றார். “இப்பப் பார்க்கலையே. கூட்டிட்டுப் போங்க. என் கிளினிக் பிள்ளைங்களுக்கு வேற யாராவது கிடைப்பாங்க.”

அம்மா உடனே அலமாரியிலிருந்து ஒரு நீளக் காது கழுதையை எடுத்து அவர் கையில் வைத்தார். டாக்டர் அதன் வாயைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பல்லெல்லாம் நல்ல நிலைமையில் இருப்பதாகச் சொன்னார்.

மாமா என் பக்கம் வந்தார். “வரலாறு கேட்காதது என் தப்பு” என்றார். “உன்னை நம்பாதது அதைவிடப் பெரிய தப்பு.”

“பூனை விஷயம்?”

“அது உன் தப்புதான்.”

வெளியே மறுபடியும் தூறல் ஆரம்பித்தது. ஆன்ட்டி குடையை விரித்துத் தெருவில் இறங்கினார். குடையின் பெரும் பகுதி கரடியின் பக்கம் சாய்ந்திருந்தது, அவருடைய ஒரு தோள் நனைந்தது. தோளுக்கு மேலே கரடியின் முகம் எங்களைப் பார்த்தபடி போனது. தெருமுனையில் அவர்கள் திரும்பும்போது மாமா சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, மெல்லக் கையை உயர்த்தி ஆட்டினார்.

முதலில் கையாட்டியது அவரா, கரடியா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.